ஒரு பகல், பத்துப் போட்டிகள்

நுழையும்முன்

ஓட்டப் போட்டியில் முதலில் வந்தவர் யார் என்பதை முடிவுக்கோடு சொல்லிவிடும். யார் ஓடலாம், யார் ஓடக் கூடாது என்பதை முடிவு செய்வது விதிமுறை நூல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் நடைபெற்ற ஒரு தடகளப் போட்டியையும், அதில் வென்றவரை அந்த விதிமுறை நூல் நடத்திய விதத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

செல்ட்டிக் பூங்கா

1912ஆம் ஆண்டு செப்டம்பர் 2, திங்கட்கிழமை. செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை அமெரிக்காவில் தொழிலாளர் நாள், விடுமுறை நாள். நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் செல்ட்டிக் பூங்கா என்னும் விளையாட்டுத் திடல் இருந்தது. அமெச்சூர் விளையாட்டு ஒன்றியம் நடத்திய அனைத்துத்திறன் வாகையர் போட்டி அன்று அங்கே நடைபெற்றது. களமிறங்கியவர் சிலரே. அவர்களுள் ஒருவர் ஜிம் தோர்ப். ஏழு வாரங்களுக்கு முன்பு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் ஐம்போட்டி, பதின்போட்டி ஆகிய இரண்டிலும் தங்கப் பதக்கம் வென்று திரும்பியிருந்தார். அவ்விழாவிற்குச் செல்லத் தகுதி பெற்றதும் இதே செல்ட்டிக் பூங்காவில்தான்.

அனைத்துத்திறன் போட்டி இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. அக்காலத்தில் அமெரிக்கத் தடகளத்தின் மிகக் கடினமான தேர்வு அதுவே. பத்துப் போட்டிகளை ஒரே பகலில் முடிக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து நிமிடமே ஓய்வு. முதலில் 100 கெஜ ஓட்டம். பிறகு குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 880 கெஜ நடை, சங்கிலிக் குண்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், 120 கெஜத் தடை தாண்டும் ஓட்டம், 56 பவுண்டு எடை எறிதல், நீளம் தாண்டுதல். இவ்வளவும் முடிந்து கால்கள் தளர்ந்த வேளையில் இறுதியாக ஒரு மைல் ஓட்டம்.

இவ்வரிசையைச் சற்று உற்றுநோக்கினால் அதன் கடுமை விளங்கும். விரைந்து ஓடுபவருக்கு மெலிந்த உடல் வேண்டும். எடை எறிபவருக்குத் திரண்ட தோள்கள் வேண்டும். 56 பவுண்டு என்பது ஏறத்தாழ 25 கிலோகிராம். நம் வீடுகளுக்கு வரும் 25 கிலோ அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளலாம். அதனையொத்த இரும்பு எடையைத் தொலைவில் எறிந்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் ஓடிவந்து நீளம் தாண்ட வேண்டும். நடைப்போட்டியோ வேறு வகைச் சோதனை. ஒரு கால் எப்போதும் தரையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு இருப்பதால், ஓடிப் பழகிய உடலை அடக்கி நடக்கவைக்க வேண்டும். ஒலிம்பிக்கின் பதின்போட்டி இதன் இளைய உறவு எனலாம். அதில் நடையும் சங்கிலிக் குண்டும் 56 பவுண்டு எடையும் இல்லை. ஒரே நாளில் முடிக்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. ஸ்டாக்ஹோமில் அது மூன்று நாள்களாக நடத்தப்பட்டது.

வெற்றியைக் கணக்கிட்ட முறையும் அறியத்தக்கது. எவர் முதலாவதாக வந்தார் என்பதற்காக மட்டும் புள்ளி வழங்கப்படவில்லை. ஒவ்வொரு போட்டியிலும் அதுவரை நிகழ்த்தப்பெற்ற சிறந்த சாதனையை அளவுகோலாக வைத்து, அதற்கு 1000 புள்ளி என வகுத்து, குறைந்த அளவுக்கு ஏற்பப் புள்ளிகளைக் கழித்தனர். ஆகவே வீரர் அருகில் ஓடுபவரோடு மட்டும் மோதவில்லை. பத்துத் துறைகளின் தலைசிறந்தவர் அனைவரோடும் ஒரே பகலில் மோதினார்.

தோர்ப் பத்தில் ஏழு போட்டிகளில் முதலிடமும் எஞ்சிய மூன்றில் இரண்டாமிடமும் பெற்றார். அவர் குவித்தவை 7476 புள்ளிகள். அதே திடலில் 1909இல் மார்ட்டின் ஷெரிடன் என்பவர் பெற்றிருந்த 7385 புள்ளிகளே அதுவரை உயர்ந்த அளவு. தம் சாதனை முறியடிக்கப்படுவதை ஷெரிடன் திடலிலேயே இருந்து பார்த்தார். போட்டி முடிந்ததும் தோர்ப்பிடம் சென்று கைகுலுக்கி, இவரினும் சிறந்த வீரரைக் காண்பேன் என்று எதிர்பார்க்கவில்லை என்னும் பொருள்படப் பாராட்டினார்.

'அமெச்சூர்' என்னும் சொல்

இப்போட்டியை நடத்திய ஒன்றியத்தின் பெயரிலேயே 'அமெச்சூர்' என்னும் சொல் இருக்கிறது. நாடகக் குழுக்களைப் பற்றிப் பேசும்போது தமிழிலும் அச்சொல் வழங்குகிறது. 'அன்பு செய்பவர்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக அது ஆங்கிலத்திற்கு வந்தது. ஒன்றை அதன்மீது கொண்ட விருப்பத்திற்காகவே செய்பவர் என்பது அதன் கருத்து. 'ஆர்வலர்' என்னும் நம் சொல் அதற்கு மிக நெருங்கி வருகிறது. கேட்பதற்கு இனிய சொல்தான். ஆனால் விளையாட்டு விதிகளுக்குள் புகுந்தபோது அது வேறு முகம் காட்டியது.

1860களில் இலண்டனில் தோன்றிய அமெச்சூர் தடகள மன்றம், எவரெல்லாம் போட்டியிடலாம் என வரையறை செய்தது. பணத்திற்காகப் போட்டியிட்டவர் கூடாது என்பது அவ்வரையறையின் ஒரு பகுதி. கைவினைஞர், கூலித் தொழிலாளர் ஆகியோரும் கூடாது என்பது மற்றொரு பகுதி. அதாவது, பணமே பெறாமல் விளையாடினாலும் உடலுழைப்பால் வாழ்பவர் அமெச்சூர் ஆகமாட்டார். நாள்தோறும் உழைத்து உரமேறிய உடல், உழைக்காத உடலைவிட நியாயமற்ற நன்மை பெற்றது என்று அதற்குக் காரணமும் கூறினர். உண்மைக் காரணம் அதுவன்று. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தொழிலாளியிடம் தோற்க விரும்பவில்லை.

1880ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு நகரில் உருவான அமெச்சூர் தடகளச் சங்கம் தொழிலாளரை விலக்கும் பகுதியை நீக்கியது. அது பெரிய மாற்றம். ஆயினும் பணம் பற்றிய விதி அப்படியே நின்றது, நாளடைவில் இறுகியது. அமெரிக்காவில் 1888இல் தொடங்கப்பட்ட அமெச்சூர் விளையாட்டு ஒன்றியமும் அவ்விதியையே தன் அடித்தளமாகக் கொண்டது. கோப்பை பெறலாம், பதக்கம் பெறலாம், பணம் பெறலாகாது. ஒரு விளையாட்டில் பணம் பெற்றவர் எல்லா விளையாட்டுகளிலும் 'தொழில்முறையாளர்' ஆகிவிடுவார் என்பதே இதில் கவனிக்க வேண்டிய கூறு. பந்தாட்டத்தில் கூலி பெற்றால் ஓட்டப்பந்தயத்திலும் ஓட முடியாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லையே என்று வாதிடுவதற்கு இடமில்லை.

எழுத்தளவில் இவ்விதி எல்லாருக்கும் பொது. செல்வந்தர் மகனும் தொழிலாளியும் அதன்முன் சமம். ஆனால் பயிற்சிக்கு நேரம் வேண்டும். பயணத்திற்குப் பணம் வேண்டும். இடைக்காலத்தில் வயிற்றுக்கு உணவு வேண்டும். இவை முன்பே கையில் இருப்பவருக்கு அவ்விதி எளிது. இல்லாதவர் என்ன செய்வது என்பதற்கு விதிமுறை நூலில் விடை இல்லை.

சிறகு முளைத்த கைகள்

விடை தேடிக்கொண்டவர்களும் இருந்தனர். செல்ட்டிக் பூங்கா ஐரிய அமெரிக்கத் தடகள மன்றத்திற்கு உரியது. அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறியவர்களும் அவர்தம் பிள்ளைகளும் சேர்ந்து வளர்த்த மன்றம் அது. அந்நகரின் செல்வர்களுக்கு நியூயார்க் தடகள மன்றம் இருந்தது. அதன் சின்னம் சிறகு முளைத்த பாதம். ஐரிய மன்றத்தார் தமக்குச் சிறகு முளைத்த கையைச் சின்னமாக்கிக்கொண்டனர். இறுக மூடிய முட்டிக்கை அது. தற்செயலாகத் தேர்ந்த சின்னமாக அது தோன்றவில்லை.

பிறர் சேர்க்கத் தயங்கியவர்களையும் அம்மன்றம் சேர்த்துக்கொண்டது. 1904 ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலிலும் மும்முறை தாண்டுதலிலும் வென்ற யூதரான மேயர் பிரின்ஸ்டைன் அதன் உறுப்பினர். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கரான ஜான் பாக்ஸ்டர் டெய்லரும் அதன் உறுப்பினரே.

அம்மன்றத்தின் வீரர் பலர் நியூயார்க் காவல்துறையில் பணியாற்றினர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பிறந்த ஷெரிடனும் காவலரே. வட்டெறிதலில் பெரும்புகழ் பெற்ற அவர் 1905, 1907, 1909 ஆகிய மூன்றாண்டுகளிலும் அனைத்துத்திறன் வாகையரானார். சங்கிலிக் குண்டு எறிதலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜான் பிளானகன், மாட் மெக்ராத் ஆகியோரும் காவலர்களே. அவர்கள் காவல் பணிக்குச் சம்பளம் பெற்றனர், விளையாட்டுக்குப் பெறவில்லை. ஆகவே விதி மீறப்படவில்லை. ஊதியத்தை வேறொரு வாயில் வழியாகப் பெற்றுக்கொண்டு ஆர்வத்தை மட்டும் திடலுக்குக் கொண்டுவரும் வழி அது. அத்தகைய வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

1904ஆம் ஆண்டு செயின்ட் லூயி நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் அனைத்துத்திறன் போட்டியும் இடம்பெற்றது. அயர்லாந்தைச் சேர்ந்த தாமஸ் கீலி அதில் வென்றார். பதின்போட்டி ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடத்தப்பட்டது 1912இல்.

கார்லைல் பள்ளி மாணவர்

ஜிம் தோர்ப் 1887ஆம் ஆண்டு, பின்னாளில் ஓக்லஹோமா மாநிலமான நிலப்பகுதியில், சாக்-பாக்ஸ் என்னும் அமெரிக்கத் தொல்குடியிற் பிறந்தவர். தொல்குடி மொழியில் அவருக்கு வைத்த பெயர் வா-தோ-ஹுக். 'ஒளி படர்ந்த பாதை' என்று அதற்குப் பொருள் கூறுவர். உடன்பிறந்த இரட்டையரைச் சிறுவயதிலேயே இழந்தார். பின்னர்த் தாயையும் தந்தையையும் இழந்தார்.

பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்னும் ஊரில் தொல்குடிப் பிள்ளைகளுக்காக அரசு நடத்திய தொழிற்பள்ளியில் அவர் சேர்ந்தார். 1879இல் தொடங்கிய அப்பள்ளியின் நோக்கத்தை மறைக்காமல் கூற வேண்டும். பிள்ளைகளைத் தம் மொழியிலிருந்தும் வழக்கங்களிலிருந்தும் பிரித்து, வெள்ளையரைப் போல மாற்றுவதே அதன் நோக்கம். அங்கு நுழைந்ததும் நீண்ட முடி வெட்டப்படும். தாய்மொழியிற் பேசுவது தடுக்கப்படும். கோடைக்காலத்தில் மாணவர்களைப் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் கூலிவேலைக்கு அனுப்புவது பள்ளியின் வழக்கம். அதனையும் கல்வியின் ஒரு பகுதி என்றே கூறினர்.

1907இல் ஒருநாள் தோர்ப் திடலைக் கடந்து செல்கையில், உயரம் தாண்டிப் பயிலும் மாணவர்கள் தாண்ட முடியாது விட்ட கோலை, வேலைக்குரிய உடையிலேயே தாண்டிவிட்டுப் போனார் என்று கூறப்படுவதுண்டு. பயிற்சியாளர் கிளென் வார்னர் அவரைத் தடகள அணியிற் சேர்த்துக்கொண்டார். அமெரிக்கக் கால்பந்திலும் தோர்ப் பெயர் பெற்றார். 1912 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற லூயி தெவானிமாவும் அதே பள்ளியின் மாணவர்; ஹோப்பி தொல்குடியினர்.

1909, 1910ஆம் ஆண்டுகளின் கோடையில் தோர்ப் வட கரோலினா மாநிலத்தில் பேஸ்பால் ஆடினார். உடன்மாணவர் சிலரும் அவரோடு சென்றனர். சிறு நகரங்களின் அணிகள் அவை. கிடைத்த கூலி ஓர் ஆட்டத்திற்கு 2 டாலர் முதல் வாரத்திற்கு 35 டாலர் வரை எனக் குறிப்பர். பண்ணையில் களை பறிப்பதற்குப் பதிலாகப் பந்தாடுவது என்ற அளவிலேயே அம்மாணவர்கள் அதனைக் கருதியிருக்கக்கூடும். கல்லூரி மாணவர் பலரும் கோடையில் அவ்வாறு ஆடியதுண்டு. ஆனால் விதி தெரிந்தவர்கள் புனைபெயரில் ஆடினர். தோர்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார்.

1913 ஜனவரி

செல்ட்டிக் பூங்காவின் வெற்றிக்குப் பிறகு ஐந்து மாதங்கூட நிறையவில்லை. 1913 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டர் நகர நாளிதழ் ஒன்று, தோர்ப் பேஸ்பால் ஆடிக் கூலி பெற்றவர் என்னும் செய்தியை வெளியிட்டது. அமெச்சூர் விளையாட்டு ஒன்றியத்தின் செயலாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்குத் தோர்ப் பெயரால் ஒரு கடிதம் சென்றது. பந்தாடியதையும் பணம் பெற்றதையும் அக்கடிதம் ஒப்புக்கொண்டது. தாம் தொல்குடிப் பள்ளி மாணவர் என்பதால் இத்தகைய விதிகளை அறியவில்லை என்றும், பிற மாணவரைப் போலப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை என்றும் கூறியது. வார்னரின் கை அக்கடிதத்தில் இருந்தது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மாணவர்கள் கோடையில் எங்கே சென்றனர் என்பது பயிற்சியாளருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது என்பதும் அவர்கள் கருத்து. கடிதத்தால் வார்னருக்கும் பள்ளிக்கும் பழி வரவில்லை. பழி முழுவதும் மாணவர்மீது விழுந்தது.

ஒன்றியம் தோர்ப்பின் அமெச்சூர் தகுதியை நீக்கியது. அவருடைய சாதனைகள் பதிவேட்டிலிருந்து அகற்றப்பட்டன. செல்ட்டிக் பூங்காவில் வென்ற வாகைப் பட்டம் இரண்டாமிடம் பெற்றவருக்குச் சென்றது. பன்னாட்டு ஒலிம்பிக் குழுவும் இரு பதக்கங்களையும் திரும்பப் பெற்றது. ஐம்போட்டிப் பட்டம் நார்வேயின் பெர்டினாண்ட் பீக்கும், பதின்போட்டிப் பட்டம் சுவீடனின் ஹியூகோ வீஸ்லாண்டருக்கும் உரியதாக அறிவிக்கப்பட்டது. பதின்போட்டியில் தோர்ப் பெற்றவை 8412 புள்ளிகள்; வீஸ்லாண்டரை ஏறத்தாழ 700 புள்ளிகள் விஞ்சியவை.

முடிவெடுத்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். சல்லிவன் எளிய ஐரியக் குடும்பத்தில் பிறந்து, தம் உழைப்பால் உயர்ந்தவர். ஒன்றியத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். விளையாட்டுப் பொருள் விற்பனையிற் பெரும்பெயர் பெற்ற ஸ்பால்டிங் நிறுவனத்தோடு இணைந்த பதிப்பகத்தை அவர் நடத்திவந்தார். விதிமுறை நூல்களை அச்சிட்டு விற்பதும், பந்தும் காலணியும் விற்பதும் விளையாட்டால் வாழ்வதாகக் கருதப்படவில்லை. பந்தை அடித்தவர் பெற்ற கூலியே குற்றமாயிற்று. சல்லிவன் தன்னலத்தால் இவ்வாறு செய்தார் என்பதற்கில்லை. விதியை அவர் உண்மையாகவே நம்பினார். நேர்மையானவர் கையிலும் ஒரு விதி அநீதி செய்யக்கூடும் என்பதே இந்நிகழ்ச்சியின் கசப்பு.

தகுதி பறிக்கப்பட்ட தோர்ப் அவ்வாண்டே நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் வெளிப்படையாகப் பேஸ்பால் ஆடச் சேர்ந்தார். தொழில்முறைக் கால்பந்திலும் சிறந்து, 1920இல் தோன்றிய தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் முதல் தலைவரானார். ஆட்டம் ஓய்ந்தபின் வறுமை சூழ்ந்தது. திரைப்படங்களில் சிறு வேடங்கள், கூலிவேலை என வாழ்க்கை கழிந்தது. 1950இல் செய்தியாளரிடையே நடத்திய வாக்கெடுப்பில், அரை நூற்றாண்டின் சிறந்த விளையாட்டு வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1953இல் மறைந்தார். பதக்கங்கள் அப்போதும் திரும்பவில்லை.

முப்பது நாள்

பதக்கங்களை மீட்டுத்தர வேண்டும் என்ற வேண்டுகோள்கள் தொடர்ந்து எழுந்தன. 1952 முதல் 1972 வரை பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவர் ஏவரி பிரண்டேஜ். 1912இல் ஸ்டாக்ஹோமில் தோர்ப்போடு அதே இரு போட்டிகளிலும் களமிறங்கித் தோற்றவர் அவர். பிற்காலத்தில் மூன்றுமுறை அனைத்துத்திறன் வாகையரானவர். கட்டடத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய அவர், அமெச்சூர் நெறியில் அணுவளவும் விட்டுக்கொடாதவர். அவர் காலத்தில் வேண்டுகோள்கள் பயன் தரவில்லை. அவர் விலகிய மறு ஆண்டு, 1973இல், அமெச்சூர் விளையாட்டு ஒன்றியம் தோர்ப்பின் தகுதியை மீட்டளித்தது. ஒலிம்பிக் குழு அப்போதும் அசையவில்லை.

அசைத்தது ஒரு பழைய விதி. ராபர்ட் வீலர், புளோரன்ஸ் ரிட்லன் ஆகியோர் 1912 ஒலிம்பிக்கின் விதித் தொகுப்பைத் தேடிக் கண்டெடுத்தனர். வெற்றியாளரின் அமெச்சூர் தகுதி பற்றிய மறுப்பு எதுவாயினும், பரிசளிப்புக்குப்பின் 30 நாள்களுக்குள் தெரிவிக்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. தோர்ப் பரிசு பெற்றது 1912 ஜூலையில். செய்தி வெளியானது 1913 ஜனவரியில். விதியைக் காப்பதாகக் கூறிப் பதக்கத்தைப் பறித்தவர்கள் அதே விதித்தொகுப்பின் மற்றொரு விதியை மீறியிருந்தனர். எழுபது ஆண்டுகளாக அதனை எவரும் எடுத்துக்காட்டவில்லை.

1982 அக்டோபரில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு தோர்ப்பை மீண்டும் வெற்றியாளராக ஏற்றது. ஆனால் பீயும் வீஸ்லாண்டரும் இணை வெற்றியாளராக நீடித்தனர். மூலப் பதக்கங்கள் கிடைக்காமையால், 1983 ஜனவரியில் அவற்றின் மறுபடிகள் தோர்ப்பின் பிள்ளைகளிடம் வழங்கப்பட்டன. வீஸ்லாண்டர் தம் வாழ்நாளில் தங்கப் பதக்கத்தைத் தமக்குரியதாக ஒருபோதும் ஏற்கவில்லை என்று அவர் குடும்பத்தார் பின்னர்த் தெரிவித்தனர். சுவீடனின் ஒலிம்பிக் குழுவும் நார்வேயின் விளையாட்டு அமைப்பும் உடன்பட்டன. பதின்போட்டி முடிந்து 110 ஆண்டுகள் நிறைந்த 2022 ஜூலை 15 அன்று, இரு போட்டிகளிலும் தோர்ப் ஒருவரே வெற்றியாளர் என்று அறிவிக்கப்பட்டது. ஒலிம்பிக் பதிவேட்டில் வா-தோ-ஹுக் என்னும் பெயரையும் சேர்க்க வேண்டும் என்ற வேண்டுகோளும் எழுந்தது.